445 யார்டு கொடுத்து வென்ற அணி: 1987 ஃபியஸ்டா பவுல், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரத் தாளை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, யார் வென்றிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மயாமி பல்கலைக்கழகம் 445 யார்டு முன்னேறியிருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 162 யார்டு. பென் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர், எறிந்த 16 பந்துகளில் 5 மட்டுமே கைக்குப் போய்ச் சேர்ந்தன. யாராக இருந்தாலும் மயாமி என்றுதான் சொல்வார்கள், அதுவும் பெரிய வித்தியாசத்தில். 1987 ஜனவரி 2 இரவு, அரிசோனா மாநிலம் டெம்பியில் உள்ள சன் டெவில் ஸ்டேடியத்தில் நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தின் ஸ்கோர்: பென் ஸ்டேட் 14, மயாமி 10.

அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது. மயாமி பந்தை 7 முறை எதிரணியிடம் இழந்தது. அதில் 5 இன்டர்செப்ஷன், அதாவது குவார்ட்டர்பேக் எறிந்த பந்தைத் தடுப்பு வீரர் பிடித்துக்கொள்வது. அந்த ஐந்தையும் எறிந்தவர், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அந்த சீசனில் வென்ற வின்னி டெஸ்டவெர்டி. சீசன் முழுக்க அவர் கொடுத்த இன்டர்செப்ஷன் 9. இந்த ஒரே இரவில் 5.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாஸிங்கில், அதாவது பந்தை எறிந்து முன்னேறுவதில், கொடிகட்டிப் பறக்கும் ஒரு அணியை எப்படித் தடுப்பது என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

மயாமி எப்படிப்பட்ட அணி

ஜிம்மி ஜான்சன் பயிற்சியில் மயாமி அந்த சீசனில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்று முதலிடத்தில் இருந்தது. செப்டம்பரில், அப்போது முதலிடத்தில் இருந்த ஒக்லஹோமாவை 28-16 என்று வீழ்த்தியபோது டெஸ்டவெர்டி 4 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) பாஸ்கள் எறிந்தார். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் மைக்கேல் இர்வின், பிரையன் பிளேட்ஸ், பிரெட் பெரிமன் மூவருமே பின்னாளில் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பல ஆண்டுகள் ஆடியவர்கள். பந்தோடு ஓடுவதற்கு அலோன்சோ ஹைஸ்மித். 1987-ல் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெஸ்டவெர்டி முதலாவதாகவும் ஹைஸ்மித் மூன்றாவதாகவும் எடுக்கப்பட்டார்கள் என்றால் எவ்வளவு திறமை குவிந்திருந்தது என்று புரியும்.

பென் ஸ்டேட்டும் 11 ஆட்டங்களையும் வென்றுதான் வந்திருந்தது. ஆனால் மேரிலாண்டை 17-15, சின்சினாட்டியை 23-17 என்று மூச்சுவாங்கி வென்ற அணி அது. ஆட்டத்துக்கு முன் மயாமி வீரர்கள் ராணுவ உடையில் வந்து இறங்கியதும், இரு அணிகளுக்கும் வைத்த விருந்திலிருந்து பாதியில் எழுந்து போனதும் அந்த வாரம் முழுக்கப் பேச்சாக இருந்தது. களத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள அதெல்லாம் அவ்வளவாகத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ. தடுப்பாட்டத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. பல ஆண்டுகள் கழித்து, 2012-ல், சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவது சரியென்று எனக்குப் படவில்லை. அந்தக் கொடுமையின் எடைக்கு முன்னால் எந்த ஆட்டமும் பெரிதில்லை. இங்கே நான் பார்க்கப்போவது அந்த இரவு களத்தில் நின்ற வீரர்கள் செய்து காட்டியதை.

எட்டுப் பேர் பின்னால்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்குப் பதினோரு பேர். தாக்கும் அணியில் குவார்ட்டர்பேக் ஒருவர், அவரைக் காக்கும் லைன்மேன் ஐவர். மீதி ஐந்து பேர்தான் பாஸ் பிடிக்கத் தகுதியுள்ளவர்கள். தடுக்கும் அணி வழக்கமாக நான்கு பேரை குவார்ட்டர்பேக்கை நோக்கி அனுப்பும். மீதி ஏழு பேர் அந்த ஐவரைக் கவனிப்பார்கள்.

பலமான பாஸிங் அணியைப் பார்த்ததும் பயிற்சியாளர்களுக்கு முதலில் தோன்றுவது, இன்னும் ஓரிருவரைக் கூட அனுப்பி குவார்ட்டர்பேக்குக்கு நேரமே கொடுக்காமல் நெருக்க வேண்டும் என்பது. பிளிட்ஸ் என்பார்கள். ஆபத்து என்னவென்றால், முன்னால் போகிற ஒவ்வொருவரும் பின்னால் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத்தான் போகிறார். பிளிட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று டெஸ்டவெர்டி போன்ற ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், காலியான அந்த இடத்துக்குப் பந்து போய்விடும். இர்வின் போன்ற ரிசீவர் அங்கே இருந்தால் அப்புறம் டச்டவுன்தான்.

பென் ஸ்டேட் நேர் எதிர் வழியில் போனது. பல தடவை மூன்றே பேரை முன்னால் அனுப்பியது. எட்டுப் பேர் பின்வாங்கினார்கள். ஐந்து ரிசீவர்களுக்கு எட்டுத் தடுப்பு வீரர்கள். கணக்கு எளிதாகத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மூன்று பேரை ஐந்து லைன்மேன்கள் தடுப்பது பெரிய வேலையில்லை. குவார்ட்டர்பேக் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நேரம் நிறையக் கிடைக்கும், ஆனால் எறிய இடம் கிடைக்காது. அதைத்தான் பென் ஸ்டேட் எதிராளிக்குக் கொடுத்தது.

அந்த எட்டுப் பேரும் ஆளுக்கொரு ரிசீவரைத் துரத்தவில்லை. ஆளுக்கொரு பகுதியைக் காத்தார்கள். இது ஸோன் தடுப்பு. ஒரு ரிசீவரைத் துரத்திக்கொண்டு ஓடுகிற தடுப்பு வீரர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டியே ஓடுவார். பந்து எப்போது கிளம்பியது என்றே அவருக்குத் தெரியாது. ஸோனில் நிற்பவர் முகம் குவார்ட்டர்பேக்கை நோக்கியிருக்கும். அவருடைய கண் எங்கே போகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நகரலாம். பந்து கையை விட்டதும் பலர் ஒரே இடத்துக்கு ஓடி வருவார்கள்.

இன்டர்செப்ஷன் எடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஷேன் கான்லன் இரண்டு. பீட் கிஃப்டோபவுலஸ் இரண்டு. டஃபி காப்ஸ் ஒன்று. காப்ஸ் மட்டும் கார்னர்பேக், ரிசீவர்களைக் காப்பதே வேலையாக இருப்பவர். கான்லனும் கிஃப்டோபவுலஸும் லைன்பேக்கர்கள். ஐந்தில் நான்கு, களத்தின் நடுவில் நிற்கும் ஆட்களுக்குப் போனது. ஆழமாகப் போகும் ரிசீவரைப் பார்த்து குவார்ட்டர்பேக் எறிகிறார், வழியில் ஒரு லைன்பேக்கர் நிற்பதைப் பார்க்கத் தவறுகிறார். ஒருமுறை நடந்தால் தற்செயல் எனலாம். நான்கு முறை நடந்தால் அங்கே ஆள் இருக்க வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

இன்னொரு அடுக்கும் இருந்தது: வேஷம். பந்து கைமாறுவதற்கு முன் குவார்ட்டர்பேக் தடுப்பின் அமைப்பைப் படிப்பார். பின்னால் ஆழத்தில் ஒருவர் நிற்கிறாரா இருவரா, லைன்பேக்கர்கள் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்று பார்த்து, பந்து எங்கே போக வேண்டும் என்று பாதி முடிவை அப்போதே எடுத்துவிடுவார். பென் ஸ்டேட் ஒரு அமைப்பில் நின்று, பந்து நகர்ந்ததும் வேறொன்றுக்கு மாறியது. எடுத்து வைத்திருந்த பாதி முடிவு பொய்யாகிவிடும். கையில் நேரம் இருக்கிறது, ஆனால் மனதில் வரைந்து வைத்த படம் தப்பு. அந்த நிலையில் கிடைக்கும் கூடுதல் நேரம் நல்ல குவார்ட்டர்பேக்கையும் குழப்பத்தில்தான் தள்ளும். சீசன் முடிந்து இந்த ஆட்டத்துக்கு இடையே ஒரு மாதத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. இந்த மாறுவேடங்களைப் பழகிக்கொள்ள அந்த நாட்கள் இல்லாமல் முடியாது. வாரம் ஒரு ஆட்டம் ஆடும்போது இவ்வளவையும் ஏற்றுவது கடினம்.

பிடித்தால் அடி விழும்

கிரிக்கெட்டில் ஃபீல்டர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, சிங்கிள் எடுத்துக்கொள், பவுண்டரி கிடையாது என்று சொல்வதுண்டு. பென் ஸ்டேட்டின் திட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஐந்து, எட்டு யார்டு தூரத்துக்குள் பாஸ் பிடிக்கலாம், தடுக்க மாட்டோம். மயாமி பாஸில் எடுத்த 285 யார்டில் பெரும்பகுதி அப்படிப் போனதுதான். ஆனால் பிடித்தவர் அடுத்த அடி வைப்பதற்குள் யாராவது வந்து மோத வேண்டும். அந்த மோதல் நினைவில் நிற்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர், தடுப்பின் பின்வரிசையில் ஆழத்தைக் காக்கும் சேஃப்டி ரே ஐசம். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். இர்வின் அவரைவிட நன்றாக உயரமானவர். ஐசமும் அவரோடு பின்வரிசையில் நின்றவர்களும் மயாமி ரிசீவர்களைத் தொடக்கத்திலிருந்தே கடுமையாக மோதினார்கள். நேரம் போகப் போக ரிசீவர்கள் கைக்கு வந்த பந்துகளையே நழுவவிட்டார்கள். பிடித்த பந்தும் மோதலில் கைநழுவி எதிரணிக்குப் போனது. நடுக்களத்தில் பந்துக்குக் கை நீட்டும்போது பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று ஒரு கணம் கண் போனால் போதும், பந்து நழுவிவிடும். ஸோன் தடுப்பின் இந்தப் பயனை எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுதாகப் பார்க்க முடியாது. பழைய ஒளிப்பதிவைப் பார்த்தால்தான் புரியும்.

சிறிய பாஸ்களைக் கொடுத்து வாழும் தடுப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: எதிரணி வெகுதூரத்திலிருந்து தொடங்க வேண்டும். 80 யார்டு போக வேண்டுமானால் சின்னச் சின்னதாகப் பத்துப் பன்னிரண்டு முறை தவறில்லாமல் ஆட வேண்டும். எங்காவது ஒரு தவறு வரும். 30 யார்டு மட்டும் என்றால் அதற்குள் தவறு வராமலே முடிந்துவிடலாம். பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடும் பன்ட்டர் ஜான் புரூனோ மயாமியைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். பாராட்டுகள் லைன்பேக்கர்களுக்குப் போயின. அவருடைய கால் இல்லாமல் அந்தத் திட்டம் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். மயாமியின் ஒரே டச்டவுன் எப்படி வந்தது என்று பாருங்கள். பென் ஸ்டேட் குவார்ட்டர்பேக் ஜான் ஷாஃபர் தன் பக்கத்திலேயே பந்தைத் தவறவிட்டார். 23 யார்டு கோட்டிலிருந்து தொடங்கிய மயாமி, மெல்வின் பிராட்டன் மூலம் டச்டவுன் போட்டது. குறுகிய தூரம் கிடைத்த இடத்தில் தடுப்பு உடைந்தது.

அடுத்து பென் ஸ்டேட் 74 யார்டு பயணம் செய்து ஷாஃபரின் ஓட்டத்தில் டச்டவுன் எடுத்தது. அவர்களுடைய மொத்த 162 யார்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு இந்த ஒரே பயணத்தில் வந்தது. இடைவேளையில் 7-7.

நான்காம் கால்பகுதியில் மார்க் சீலிக் 38 யார்டு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிக்க, மயாமி 10-7 என்று முன்னேறியது. சற்று நேரத்தில் கான்லன் தன் இரண்டாவது இன்டர்செப்ஷனை எடுத்து, முழங்கால் வலியோடு ஏறக்குறைய 40 யார்டு ஓடி மயாமியின் 5 யார்டு கோட்டில் விழுந்தார். டி. ஜே. டோசியர் ஓடி டச்டவுன் போட்டார். 14-10. கடிகாரத்தில் 8 நிமிடம் 13 நொடி மீதி.

மயாமி செய்யாதது

எட்டுப் பேரைப் பின்னால் அனுப்பினால் முன்னால் ஆள் குறையும். அப்போது ஓடலாம். ஹைஸ்மித் ஓடினார், 119 யார்டு எடுத்தார். மயாமியின் மொத்த ஓட்டம் 160 யார்டு. ஓட்டத்துக்குப் பென் ஸ்டேட்டிடம் பெரிய பதில் எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். அப்படியிருந்தும் டெஸ்டவெர்டி 50 முறை எறிந்தார். 26 கைக்குப் போயின. சீசனில் நூற்றுக்கு 63 பாஸ்களைச் சரியாகச் சேர்த்தவர் அன்று 52-க்கு இறங்கினார்.

மயாமியின் முடிவு முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு முழுக்க எறிந்தே வென்ற அணி, ஹைஸ்மன் வென்ற கையை நம்புவது இயல்பு. பென் ஸ்டேட்டின் திட்டம் பந்தயம் கட்டியது அந்த இயல்பின் மீதுதான். பெரிய கை உள்ளவன் பொறுமையாக எட்டு யார்டு, எட்டு யார்டு என்று போக மாட்டான், ஒரு கட்டத்தில் மூன்று பேருக்கு நடுவில் பந்தைத் திணிக்கப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தார்கள்.

அந்த எதிர்பார்ப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 32 ஆண்டுகள் கழித்து நடந்த ஓர் ஆட்டம் நல்ல சாட்சி. 2019 அக்டோபர் 26, பேட்டன் ரூஜ். குவார்ட்டர்பேக் ஜோ பரோ தலைமையில் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அந்த சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 48 புள்ளிகள் குவித்த அணி. எதிரணியான ஆபர்ன் பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட இதே யோசனையோடு வந்தது: முன்னால் மூன்று பேர், பின்னால் ஏராளமான பேர். டெரிக் பிரவுன் போன்ற அசுர பலம் கொண்ட லைன்மேன்கள் இருந்ததால் மூவரைக் கொண்டே அழுத்தம் கொடுக்க முடிந்தது. எல்எஸ்யூ எடுத்தது 23 புள்ளிகள், அந்த சீசனிலேயே அவர்களுடைய மிகக் குறைந்த ஸ்கோர். தடுப்பு வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஆபர்ன் 23-20 என்று தோற்றது.

இரண்டு காரணங்கள். பரோ 42 பாஸ்களில் 32 சேர்த்தார், இன்டர்செப்ஷன் ஒன்றே ஒன்று. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த பாஸுக்குப் போனார். ஆழத்தில் வழி இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தார், சலித்துக்கொள்ளவில்லை. அதோடு கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 136 யார்டு ஓடினார். முன்னால் ஆள் குறைந்த இடத்தில் எல்எஸ்யூ ஓடியது. 1987-ல் மயாமி எடுக்காத இரண்டு வழிகளையும் எல்எஸ்யூ எடுத்தது.

ஆகவே எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்துவது எல்லோருக்கும் பொருந்தும் மருந்தில்லை. பந்தை இழக்காத, பொறுமையான குவார்ட்டர்பேக்குக்கு எதிரே அது புள்ளிகளைக் குறைக்கும், வெற்றியை உறுதி செய்யாது. கைவலு உள்ள, அவசரப்படுகிற குவார்ட்டர்பேக்குக்கு எதிரே அது பந்தையே பறித்துக் கொடுக்கும். எதிரே இருப்பவர் எந்த வகை என்று முதலில் கணித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அயோவா ஸ்டேட் 2017-ல் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டின் ஒக்லஹோமாவுக்கு எதிராக மூன்று லைன்மேன், மூன்று சேஃப்டி என்று நின்றபோது 31 புள்ளிகள் கொடுத்தது. தன் தாக்குதல் 38 எடுத்ததால் வென்றது. சராசரியாக 45 எடுக்கும் அணியை 31-ல் நிறுத்தியது பெரிய வேலை. ஆனால் மீதி வேலையை மறுபக்கம் ஆடுகிறவர்கள் செய்ய வேண்டியிருந்தது.

கடைசி மூன்று நிமிடம்

3 நிமிடம் 7 நொடி மீதியிருக்க மயாமிக்குப் பந்து கிடைத்தது, தன் பக்கம் 23 யார்டு கோட்டில். தேவை டச்டவுன். ஃபீல்ட் கோல் உதவாது. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு போகாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்; நான்காவது முயற்சியில் 6 யார்டு வேண்டும் என்ற நிலையில் டெஸ்டவெர்டி பிளேட்ஸுக்கு எறிந்தார், 31 யார்டு. பென் ஸ்டேட்டின் திட்டம் உடைந்துவிட்டது என்று அந்தக் கணத்தில் பலர் நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாஸாக மயாமி முன்னேறி, கோல் கோட்டிலிருந்து சுமார் 5 யார்டுக்கு வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட மீதியில்லை.

ஆனால் கோட்டை நெருங்க நெருங்கக் களம் சுருங்குகிறது. நடுக்களத்தில் தடுப்பு வீரர்கள் 50, 60 யார்டு ஆழத்தைக் காக்க வேண்டும். கோட்டருகே மீதியிருக்கும் சில யார்டுகளும், பின்னால் எண்ட் ஸோனின் 10 யார்டும்தான். அகலம் மாறாது, 53 யார்டு. ஆழம்தான் போய்விடுகிறது. இர்வினின் வேகத்துக்கு அங்கே பயனில்லை. பின்னால் நிற்கும் ஆட்களோ அதே எண்ணிக்கை. நடுக்களத்தில் இடைவெளி விட்டு நின்றவர்கள் இங்கே தோளோடு தோள் நிற்கிறார்கள். களம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே வந்த ஒரு தடுப்பு இந்த இடத்தில் திடீரென்று இறுகுவது இதனால்தான்.

ஹைஸ்மித்துக்குக் கொடுத்திருக்கலாம். மயாமி எறியவே முடிவு செய்தது. பென் ஸ்டேட்டின் டிம் ஜான்சன் டெஸ்டவெர்டியைப் பிடித்துத் தரையில் வீழ்த்த, பந்து 13 யார்டு கோட்டுக்குப் பின்னால் போனது. அடுத்த பாஸ் கை சேரவில்லை. நான்காவது முயற்சி, கடைசி முயற்சி. எதிரே வெள்ளைச் சட்டைக் கூட்டம். டெஸ்டவெர்டி பின்வாங்கி, பார்த்து, எறிந்தார். கனடாவின் ஹாமில்டனிலிருந்து வந்த கிஃப்டோபவுலஸ் கோல் கோட்டருகே தன் பகுதியில், குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி நின்றிருந்தார். பந்து நேராக அவரிடம் வந்தது.

18 நொடி மீதி. ஏழாம் வகுப்பிலிருந்து தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடி ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த ஷாஃபர் களத்துக்குள் வந்தார், பந்தை வாங்கினார், கடிகாரத்தை ஓடவிட முழங்காலைத் தரையில் ஊன்றினார்.